மறு: ஓபுஸ் அலியேனும் – ‘பிறவினை’ வேண்டாம், ‘அயற்செயல்’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நம் இறையியல் சொற்கோவைக்காக, சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் ‘ஓபுஸ் அலியேனும்’ (தேவனுடைய அந்நிய வேலை), ‘ஓபுஸ் ப்ரோப்ரியும்’ (அவருடைய சொந்த வேலை) என்ற லத்தீன் இணைக்குத் தமிழில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அயற்செயல், இயற்செயல். காரணம் சொல்ல ஏசாயா 28-க்குப் போக வேண்டும். லுத்தர் இந்த இணையை அங்கிருந்துதான் எடுத்தார்.

28:21-இல் தீர்க்கதரிசி பெராத்சீம் மலையையும் கிபியோன் பள்ளத்தாக்கையும் நினைவூட்டுகிறார். இரண்டும் கர்த்தர் தம் ஜனத்துக்காகப் போரிட்ட இடங்கள். பெராத்சீமில் தாவீதின் முன்னே பெலிஸ்தர் சிதறிப்போனார்கள். இப்போது அதே கர்த்தர் அதே கோபத்தோடு எழும்பப்போகிறார். எதிரே நிற்பவர்களோ எருசலேமை ஆளும் நிந்தனைக்காரர்கள். காத்தவரே அடிக்க எழும்புகிறார். அந்தச் செயலைத்தான் ஏசாயா ‘ஸார்’ என்கிறார். அடுத்த அடியில் ‘நொக்ரியா’ என்கிறார். எபிரெயத்தில் இரண்டும் வெளியாரைக் குறிக்கும் சொற்கள். போவாஸின் வயலில் ரூத் தன்னை ‘நொக்ரியா’ என்றே சொல்லிக்கொள்கிறாள், தமிழில் ‘அந்நியதேசத்தாள்’. நாதாபும் அபியூவும் கொண்டுவந்த நெருப்புக்கும் ‘ஸாரா’ என்றே பெயர். அங்கே ‘அந்நிய அக்கினி’ என்று படிக்கிறோம். ஏசாயாவுக்கு வரும்போதோ அது ‘அபூர்வமான கிரியை’ ஆகிவிட்டது. (தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு பழைய ஏற்பாட்டை ரூத் வரை தமிழாக்கி, 1719-இல் மறைந்தார். ரூத்தின் ‘நொக்ரியா’ வரை வந்த அந்தக் கை ஏசாயாவின் ‘நொக்ரியா’வை எட்டவில்லையே என்று இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.)

நான் இந்தச் சொல்லைத் தேடத் தொடங்கியது எங்கள் சபையின் வேதபாட வகுப்பில். 21-ஆம் வசனத்தை வாசித்து முடித்ததும், மகனை இழந்த ஒரு தாயார் கேட்டார்: “அபூர்வம் என்றால் அதிசயம்தானே ஐயா? என் பிள்ளையை எடுத்துக்கொண்டதும் அதிசயமா?” அவர் மகனுடைய மரணத்துக்குக் காரணம் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, இந்த வசனமும் அதைத் தரவில்லை. எபிரெயத்தில் இருப்பது அதிசயம் அல்ல, ‘அவருக்கே அந்நியமான வேலை’ என்று மட்டும் சொன்னேன். அவர் தம் வேதாகமத்தை என் பக்கம் நகர்த்தி, “ஓரத்தில் எழுதித் தாருங்கள்” என்றார். பென்சிலைப் பிடித்தபடி, அந்தச் சிறிய இடத்தில் எந்தச் சொல்லை எழுதுவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன்.

லுத்தர் படித்த லத்தீன் வேதாகமத்தில் ‘அலியேனும்’, ‘பெரெக்ரீனும்’ என்று அந்நியம் அப்படியே நிற்கிறது. 1518-இல் ஹைடெல்பெர்க் விவாதத்தில் அவர் இதை விளக்குகிறார்: தேவன் நம்மைத் தாழ்த்தி நம்பிக்கையிழக்கச் செய்வது அவருக்கு அயலான வேலை, இரக்கத்தால் உயர்த்துவதே அவருடைய சொந்த வேலை, பின்னதற்காகவே முன்னதைச் செய்கிறார். 1531-இல், லுத்தரன்களின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கைக்காக லுத்தரின் தோழர் மெலாங்க்டன் எழுதிய தற்காப்புரையிலும், மனந்திரும்புதலைப் பற்றிய 12-ஆம் பிரிவில், இதே வசனம் வருகிறது: பயமுறுத்துவது அந்நிய வேலை, உயிர்ப்பித்துத் தேற்றுவது சொந்த வேலை. லுத்தரன் வாசிப்பில் தீர்க்கதரிசிகளின் எச்சரிப்பும் வாக்குத்தத்தமும், அதாவது நியாயப்பிரமாணமும் சுவிசேஷமும், ஒரே தேவனின் வாயிலிருந்து வருபவை. ஆனால் இரண்டிலும் அவர் உள்ளம் ஒரே அளவில் இல்லை. “மனப்பூர்வமாய்” அவர் மனுபுத்திரரைச் சிறுமையாக்குகிறதில்லை என்று புலம்பல் 3:33 சொல்வதும் இதையே.

இனி பரிந்துரைகள். ‘கோபச்செயல்’ என்பது செயலின் வகையைச் சொல்கிறது, செய்பவருக்கும் செயலுக்கும் உள்ள தூரத்தைச் சொல்லவில்லை. ‘அந்நியக் கிரியை’ மூலத்துக்கு நெருக்கமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘அந்நிய தேவர்கள்’ என்று கேட்டுப் பழகிய சபையின் காதில் அது வேறொரு தேவனின் வேலையாக விழும். வசனமோ ‘தமது’ என்று இருமுறை அழுத்துகிறது.

‘பிறவினை / தன்வினை’யை முன்மொழிந்த நண்பரின் வாதம் கூர்மையானது: அசீரியன் கர்த்தருடைய கோபத்தின் கோல் என்று ஏசாயா 10:5 சொல்வதால், கர்த்தர் செய்விக்கிறார், ஆகவே பிறவினை. ஆனால் இங்கே கேள்வி யார் கையால் நடக்கிறது என்பது அல்ல. எவர் கையால் நடந்தாலும் அது தேவனுடைய இருதயத்துக்கு அயலானது என்பதுதான் பொருள். இன்னொன்று, ‘வினை’ என்றாலே ஊழ்வினை நினைவுக்கு வரும். தேவன் உயிர்ப்பிக்கும் வேலையைத் ‘தன்வினை’ என்றால், அடுத்த நொடி ‘தன்னைச் சுடும்’ என்று தமிழ்க் காது முடித்துவிடும்.

அயல் என்பது பகை அல்ல; பக்கத்தில் இருந்தும் வீட்டைச் சேராதது. அயல் + செயல் = அயற்செயல்; இயல் + செயல் = இயற்செயல். இயற்சொல், அயற்சொல் என்று ஏற்கெனவே வழங்கும் தமிழில் இந்த இணை இயல்பாகப் பொருந்தும். அயற்செயல் தனியே நின்றால் யாருக்கு அயல் என்று தெரியாது என்பது குறைதான். முதல் முறை வரும்போது ‘தேவனுடைய அயற்செயல்’ என்று எழுதிவிடலாம்.

சொற்கோவைக்கு என் வரைவு:

அயற்செயல்: தேவன் தம் இயல்புக்கு அயலாக, இயற்செயலுக்கு வழி உண்டாக்கத் தாமே செய்யும் நொறுக்குதல். ஏசாயா 28:21. ஒப்புநோக்கு: 28:27, சீரகத்தின்மேல் வண்டியின் உருளையை ஓட்டாமல் கோலால் அடிக்கும் உழவன்.

அந்த உழவனை விட்டுவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். அதிகாரத்தை ஏசாயா அவனைக்கொண்டுதான் முடிக்கிறார். தானியத்தை அவன் எப்போதும் போரடித்துக்கொண்டே இருப்பதில்லை.

மறுப்பு இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். ஞாயிறு வகுப்பில் அந்தத் தாயாரின் வேதாகமம் மறுபடி என் முன்னே வரும்.