டீப் பர்ப்பிள் கேட்க ஆரம்பிக்க "டீப்பெஸ்ட் பர்ப்பிள்" தொகுப்பு போதுமா?

ரிஃப்ராஜா:
மக்களே, இத்தனை நாளா எனக்கு டீப் பர்ப்பிள்ங்கற பிரிட்டிஷ் ராக் பேண்ட்னா ஸ்மோக் ஆன் தி வாட்டர் பாட்டோட ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துண்டு) மட்டும்தான். இப்ப ஒழுங்கா கேட்போம்னு 1980ல வந்த டீப்பெஸ்ட் பர்ப்பிள் தொகுப்பப் போட்டேன், மொத்தம் 12 பாட்டு. சைல்ட் இன் டைம்ல ஆடிப்போயிட்டேன், மெதுவா ஆரம்பிச்சு அப்படியே ஏத்திக்கிட்டே போயி கடைசில அந்த அலறல் இருக்கே, அப்பப்பா. ரெண்டு டவுட். பர்ன், ஸ்டார்ம்பிரிங்கர் ரெண்டுலயும் குரல் வேற மாதிரி இருக்கே, யாரு பாடுறது? அப்புறம் இது ஒண்ணு போதுமா, இல்ல ஆல்பம் ஆல்பமா போகணுமா?

ஆர்கன்பிரியன்:
வேற ஆளேதான் ப்ரோ. சைல்ட் இன் டைம் பாடுனது இயன் கில்லன். அவரும் பேஸ் கிட்டார் வாசிச்ச ரோஜர் க்ளோவரும் 1973ல வெளிய போயிட்டாங்க. அந்த எடத்துக்கு வந்தவங்கதான் டேவிட் கவர்டேலும் க்ளென் ஹியூஸும். கவர்டேல் அப்ப துணிக்கடைல வேலை பார்த்துட்டு இருந்த பையன், வெளிய யாருக்கும் தெரியாது, எடுத்த எடுப்புலயே பர்ன் மாதிரி ஒரு பாட்டு. அதுல ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாடுவாங்க, ஹெட்ஃபோன்ல கேட்டா நல்லாவே பிரியும். 1975ல கிட்டார் ரிச்சி ப்ளாக்மோரும் போயிட்டாரு, 1976ல பேண்டே கலைஞ்சிடுச்சு. அதனால இந்தத் தொகுப்பு வந்தப்ப டீப் பர்ப்பிள்னு ஒரு பேண்டே கிடையாது, அப்படியும் பிரிட்டன்ல நம்பர் 1 போச்சு!

மலைப்பாதை:
என்னைக் கேட்டா போதவே போதாது. மெஷின் ஹெட் (1972) முழுசா கேளுங்க, மொத்தமே ஏழு பாட்டுதான். அதுல ஹைவே ஸ்டார், ஸ்மோக் ஆன் தி வாட்டர், ஸ்பேஸ் ட்ரக்கின் மூணும் உங்க தொகுப்புல இருக்கு, ஆனா லேஸி இல்லையே, பேண்ட்ல கீபோர்டு வாசிச்ச ஜான் லார்டு அந்த ஹேமண்ட் ஆர்கன (மின்சார ஆர்கன்) கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப்ல குடுத்து கிட்டாருக்குச் சமமா உறும விடுறத கேட்காம எப்படி இருக்கறது. ஆல்பம் உருவான கதையே பெருசு. ஸ்விட்சர்லாந்துல மான்ட்ரோ ஊரு கேசினோல ரெக்கார்ட் பண்ணலாம்னு ரோலிங் ஸ்டோன்ஸோட மொபைல் ஸ்டூடியோவ வாடகைக்கு எடுத்துட்டுப் போறாங்க, 1971 டிசம்பர் 4 அங்க அமெரிக்க ராக் கலைஞர் ஃப்ராங்க் ஸாப்பா கச்சேரி, கூட்டத்துல எவனோ ஃப்ளேர் கன்ன (வெளிச்சக் குண்டு விடற துப்பாக்கி) சுட, கட்டடமே எரிஞ்சு புகை ஜெனீவா ஏரி மேல பரவுது. ஸ்மோக் ஆன் தி வாட்டர் வரிகள் முழுக்க இந்தச் சம்பவம்தான். கடைசில காலியா கெடந்த ஒரு ஹோட்டல் காரிடார்ல வச்சுதான் ரெக்கார்ட் பண்ணாங்க.

பழைய_கேசட்:
மலைப்பாதை சொல்றது சரிதான், ஆனா தொகுப்ப அவ்வளவு சீக்கிரம் ஒதுக்காதீங்க. அந்தக் காலத்துல பிரிட்டன்ல சிங்கிளா, அதாவது தனி ரெக்கார்டா, விட்ட பாட்ட ஆல்பத்துல சேர்க்காம விடுறது சகஜம். ப்ளாக் நைட் 1970ல அங்க நம்பர் 2 வரைக்கும் போன பாட்டு, அதே வருஷம் வந்த இன் ராக் ஆல்பத்துல தேடுனா கிடைக்காது. ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன் கூட ஃபயர்பால் ஆல்பத்தோட பிரிட்டிஷ் பதிப்புல இல்ல, அமெரிக்கப் பதிப்புல டீமன்ஸ் ஐ பாட்ட எடுத்துட்டு அத வச்சாங்க. இங்க இது எல்லாமே ஒரே எடத்துல கிடைக்குது. எனக்கு இருக்கற ஒரே வருத்தம் ஹஷ் இல்லாததுதான். 1968ல அமெரிக்கால நம்பர் 4 வந்த பாட்டு, கில்லனுக்கு முன்னாடி இருந்த பாடகர் ராட் எவன்ஸ் பாடுனது, அத விட்டுட்டு இந்த பேண்டோட ஹிட்ஸ்னு சொல்றத என்னால ஏத்துக்கவே முடியல.

ரிஃப்ராஜா:
செம மக்களே, நன்றி. லேஸி கேட்டுட்டேன், ஆர்கன் பிச்சு உதறுது. லைவ்ல எது கேட்கலாம்?

ஆர்கன்பிரியன்:
மேட் இன் ஜப்பான், கண்ண மூடிட்டுப் போங்க. 1972 ஆகஸ்ட்ல ஒசாகாலயும் டோக்கியோலயும் எடுத்தது. சைல்ட் இன் டைம் அதுல இன்னும் நீளம், ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்ல ப்ளாக்மோர் கிட்டார்ல என்ன வாசிச்சாலும் கில்லன் அத அப்படியே குரல்ல திருப்பிக் குடுப்பாரு, ஸ்பேஸ் ட்ரக்கின் மட்டுமே கிட்டத்தட்ட 20 நிமிஷம். முடிச்சுட்டு 1984ல கில்லன் எல்லாம் திரும்பிச் சேர்ந்து போட்ட பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ் கேளுங்க, அந்தத் தலைப்புப் பாட்டுல ஜான் லார்டோட ஆரம்பத்த சத்தமா வச்சுக் கேக்கணும்.