சினையா இம்போர்ட் பண்ண மேர் (பெண் குதிரை), குட்டி ரிஜிஸ்டர் ஆகமாட்டேங்குது, கொஞ்சம் உதவுங்க

கோவை_லாயம்:
அவசரம். சின்ன ஸ்டட் ஃபார்ம்ல (குதிரை வளர்க்கற பண்ணை) மேனேஜரா இருக்கேன். வெளிநாட்ல இருந்து சினையா ஒரு தரோபிரெட் (ரேஸ் குதிரை ஜாதி) மேர் எடுத்தோம், பிப்ரவரில குட்டி போட்டுச்சு, ஆண் குட்டி, நல்லா திடமா இருக்கு. முடி சாம்பிள் அனுப்பியாச்சு, மைக்ரோசிப் போட்டாச்சு, ஃபாரமும் குடுத்தாச்சு. ஆனா பென்டிங்னே காட்டுது, கேட்டா அங்க இருந்து பேப்பர் வரணும்ங்கறாங்க, பேப்பர் எல்லாம் எங்ககிட்டதான் இருக்கு!! ஓனர் தினமும் போன் பண்றார். என்ன பண்றது?

சேலம்_ரைடர்:
வெளிநாடுன்னா எந்த நாடு ப்ரோ? எந்த மாசம் கவரிங் (ஆண் குதிரையோட சேர்த்தது)? ஆஸ்திரேலியானா அங்க சீசனே செப்டம்பர்லதான் ஆரம்பிக்கும், அங்கத்து குதிரைக்கு எல்லாம் ஆகஸ்ட் 1தான் வயசுக் கணக்கு, நமக்கு ஜனவரி 1. அந்தக் குழப்பமா இருக்கும்னு நினைக்கிறேன்.

நீலகிரி_வெட்:
முடியை எப்படி எடுத்தீங்க? பிடரில இருந்து வேரோட பிடுங்கணும், டிஎன்ஏ அந்த வேர்லதான் இருக்கு. கத்தரிக்கோலால வெட்டி அனுப்பினா லேப்ல திருப்பி விட்ருவாங்க. நான் பார்த்த வரைக்கும் பத்துக்கு பாதி கேஸ் இதுதான்.

ரேஸ்_மாமா:
இல்லப்பா, இது ஸ்டட் ஃபீ, அதாவது கவரிங்குக்குக் கட்டற பணம், பாக்கி. அயர்லாந்து, இங்கிலாந்துல நிறைய ஸ்டாலியனுக்கு (சினைக்கு விடற ஆண் குதிரை) பணம் அக்டோபர் 1 கெடு. வித்தவன் கட்டாம விட்டிருந்தா ஸ்டாலியன்காரன் கவரிங் சர்டிஃபிகேட்டைப் பிடிச்சு வச்சுக்குவான். முதல்ல அதைக் கேளு.

பழைய_பெடிகிரி:
இந்தக் கேள்வி வராத சீசனே இல்ல, தேடிப் பார்த்துட்டு போட்டிருக்கலாம். "பேப்பர் எங்ககிட்ட இருக்கு"ங்கறீங்க பாருங்க, அதுலயே விஷயம் தெரியுது. உங்க கைல இருக்கற எதுவும் இங்க செல்லாது தம்பி. எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் அந்த நாட்டு ஸ்டட் புக்ல (குதிரைங்க வம்சப் பதிவேடு) இருந்து நேரா நம்ம ஸ்டட் புக்குக்கு வரணும், கூடவே மேரோட டிஎன்ஏ விவரம், கடைசியா எந்தத் தேதில எந்த ஸ்டாலியன் கவர் பண்ணுச்சுங்கற விவரம், எல்லாம் ஆபீஸ் டு ஆபீஸ். நடுவுல ஏஜென்ட் கைல குடுத்தா யாரு என்ன மாத்துவான்னு தெரியாதுன்னுதான் உலகம் பூரா இப்படி வச்சிருக்காங்க. பாஸ்போர்ட்டுங்கறது இது எந்தக் குதிரைன்னு காட்டத்தான். எந்த நாடுன்னே சொல்லாம உதவி கேட்டா யார் சொல்வா?

கோவை_லாயம்:
அயர்லாந்து சார். பாஸ்போர்ட் இருக்கு, ஹெல்த் பேப்பர் இருக்கு, ஏஜென்ட் எல்லாம் பாஸ்போர்ட்லயே இருக்குன்னார். முடி வேரோடதான் எடுத்தோம் டாக்டர்.

மதுர_வீரன்:
ஒரு சந்தேகம், அந்த சீசன்ல ஒரே ஸ்டாலியன்தானா?

கோவை_லாயம்:
இல்ல, முதல்ல ஒண்ணுகிட்ட போட்டு பிடிக்கல, மூணு வாரம் கழிச்சு வேற ஸ்டாலியன். அது முக்கியமா?

மதுர_வீரன்:
ரொம்ப முக்கியம்ங்க!! இதை முதல்லயே சொல்லிருக்கணும். மேருக்கு சினைக்காலம் சுமாரா 11 மாசம், ஆனா ரெண்டு மூணு வாரம் முன்ன பின்ன ஆகறது சாதாரணம், அதனால தேதியை மட்டும் வச்சு அப்பா யாருன்னு சொல்லவே முடியாது. ரெண்டு ஸ்டாலியனோட டிஎன்ஏவும் ஒப்பிட வேண்டி வரும், அது அங்க இருக்கற ஃபைல்லதான் இருக்கு. அயர்லாந்தும் பிரிட்டனும் ஒரே ஜெனரல் ஸ்டட் புக், வெதர்பிஸ்ங்கற கம்பெனிதான் வச்சிருக்காங்க. வித்தவர் அங்க எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட்டுக்கு அப்ளை பண்ணாரான்னு கேளுங்க, ஏஜென்ட்டை விட்டுட்டு நேரா வித்தவரையே கேளுங்க.

சேலம்_ரைடர்:
ஒரு குட்டிக்கு இவ்ளோ பேப்பரா? இதெல்லாம் அந்தக் காலத்து வெள்ளைக்காரன் வச்ச சட்டம். 1913ல ஜெர்சி ஆக்ட்னு போட்டு அமெரிக்கக் குதிரைல பாதிக்கு மேல சுத்த ரத்தம் இல்லன்னு அந்த ஜெனரல் ஸ்டட் புக்ல சேர்க்காம விட்டவங்கதானே இவங்க.

பழைய_பெடிகிரி:
அரைகுறையா பேசக்கூடாது. அமெரிக்கால பெட்டிங்கைத் தடை பண்ணி நியூயார்க்ல 1911, 12 ரெண்டு வருஷம் ரேஸே நடக்கல, அங்கத்து குதிரை எல்லாம் கப்பல்ல வந்து குவிஞ்சது, அதுல நிறையதுக்கு பழைய பெடிகிரி (வம்சாவளி) முழுசா கிடையாது. அதுக்குத்தான் அந்த ரூல்.

சேலம்_ரைடர்:
சரி சார், 1914ல இங்கிலாந்தோட பெரிய ரேஸான எப்சம் டெர்பி ஜெயிச்ச டர்பார் அந்த புக்ல இடம் இல்லாத குதிரைதானே? 1948ல அதே மாதிரி இடம் இல்லாத மை பாபு, பிளாக் டார்குவின் ரெண்டும் கிளாசிக் (அங்கத்து பெரிய ரேஸ்) ஜெயிச்சப்புறம்தான் 1949ல ரூலைத் தளர்த்தினாங்க. ஓடிக் காட்டினதுக்கு அப்புறமும் இத்தனை வருஷம் பிடிவாதம். ஒரு நாட்டு புக் இன்னொரு நாட்டு புக்கை நம்பலன்னா நஷ்டம் வளர்க்கறவனுக்குத்தான்.

ரேஸ்_மாமா:
அப்ப ஊசி போட்டு சினை பண்றதையும் அனுமதிக்கச் சொல்வீங்க. ஆஸ்திரேலியால ஒருத்தர் அதுக்காக கோர்ட்டுக்கே போனார், 2012ல தோத்தார். எல்லா நாடும் ஒரே ரூல் வச்சிருக்கறதாலதான் இங்க பிறந்த குட்டியை அங்க ஒத்துக்கறான். நேரடி கவரிங் மட்டும்தான், அது அப்படியே இருக்கட்டும்.

நீலகிரி_வெட்:
ரெண்டு பேரும் சண்டையை வேற இழைல வச்சுக்கங்க, அவர் குட்டியோட நிக்கிறார். கோவை, ஃபீஸ் விஷயம் என்னாச்சு?

தாரை_தப்பட்டை:
குறுக்கே ஒரு கேள்வி, குட்டி பேருக்குப் பின்னாடி எந்த நாடு போடுவாங்க? அயர்லாந்தா?

மதுர_வீரன்:
இந்தியா. எங்க பிறந்துச்சோ அந்த நாடு, எங்க சினை பிடிச்சுதுங்கறது கணக்கு இல்ல.

கோவை_லாயம்:
வித்தவர்கிட்ட பேசிட்டேன். ஃபீ கட்டியாச்சாம். எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட்டுக்கு ஏஜென்ட் அப்ளையே பண்ணச் சொல்லல. இப்ப அப்ளை பண்ணிட்டார், ரெண்டு கவரிங்கும் எழுதிருக்கார். நன்றி மதுர அண்ணா, நன்றி சார்.

தாரை_தப்பட்டை:
வந்ததும் இங்க ஒரு வரி போடுங்க. குட்டியோட அப்பா எந்த ஸ்டாலியன்னும் சொல்லுங்க.