பேனாக்கத்தியில் நறுக்கிய ஆப்பிளும் கறுக்காத பானமும்

சாணைக்கல்:
சட்டைப்பையில் கத்தியோடு திரிபவர்கள் பழத்தை நறுக்குவதால்தான் வீட்டில் புளிக்க வைக்கும் ஆப்பிள் பானம் கறுத்துக் கெடுகிறது என்று நேற்று நொதியன் தீர்ப்பளித்திருக்கிறார். முப்பது ஆண்டுகளாக என் பையில் இருக்கும் ஓப்பினெல் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் மடக்குக்கத்தியால்தான் தாத்தாவின் ஜாடிக்குப் பழம் நறுக்கிக் கொடுத்தேன். பானம் பொன்னிறமாகவே இருந்தது. ஒருமுறைகூடக் கறுக்கவில்லை.

நொதியன்:
ஐயா, ஆப்பிளின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயோடு இரும்பு உப்பைச் சேர்த்துக் கருஞ்சாயம் எடுப்பதும் இதே வேதியியல்தான். உங்கள் கத்தி துருப்பிடிக்காத எஃகாக இருந்திருக்கும். அதில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருப்பதால் கறுக்க வழியில்லை.

சாணைக்கல்:
என் கத்தியைப் பார்க்காமலேயே அதன் உலோகத்தைச் சொல்லும் ஞானதிருஷ்டிக்கு வணக்கம். அது கார்பன் எஃகு. அலகு முழுவதும் சாம்பல் நிறம் படிந்திருக்கிறது. அலகு கறுத்தது, பானம் கறுக்கவில்லை. ஹாரி பிரியர்லி 1913இல் ஷெஃபீல்டில் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கும் முன்பு மக்கள் பழத்தைப் பல்லால் கடித்தா ஜாடியில் போட்டார்கள்?

வழிப்போக்கர்:
பானம் கிடக்கட்டும், கத்தியை ஏன் பையில் சுமக்க வேண்டும்? பிரிட்டனில்கூட, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருக்கலாம் என்பது வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக்கத்திக்கு மட்டும்தான். ஓப்பினெலுக்கு 1955 முதல் வளையப் பூட்டு உண்டே!

சாணைக்கல்:
வளையத்தைத் திருப்பாவிட்டால் பூட்டாது. திருப்புவதும் திருப்பாததும் என் விருப்பம்.

வழிப்போக்கர்:
பூட்டும் வசதி இருந்தாலே அது பூட்டுக்கத்திதான், ஐயா. காவலரிடம் உங்கள் விருப்பத்தைச் சொல்லிப் பாருங்கள்.

நொதியன்:
பேச்சைத் திருப்ப வேண்டாம். அலகு கறுத்தது என்றால் இரும்பு கரைந்திருக்கிறது. கரைந்த இரும்பு பானத்தைவிட்டு எங்கே போயிற்று?

சாணைக்கல்:
நறுக்கிய சில நொடிகளில் எவ்வளவு இரும்பு கரைந்துவிடும்? அலகையே ஜாடியில் ஊறப்போட்டால் நீங்கள் சொல்வது நடக்கலாம். நான் நறுக்கினேன், ஊறப்போடவில்லை. அதுசரி, சென்ற ஆண்டு புளிப்பு அடங்குமுன் குப்பிகளை இறுக மூடி, ஆறையும் வெடிக்கவிட்டவர் எனக்கு வேதியியல் கற்பிக்கிறார். 100 கிராம் குளுக்கோஸ் முழுவதும் புளித்தால் ஏறத்தாழ 49 கிராம் கரியமிலவாயு வரும் என்பதை அன்றைக்கே தெரிந்து வைத்திருந்தால் உங்கள் கூரை தப்பித்திருக்கும்.

நொதியன்:
வெடித்தவை நான்கு. அதற்கும் இரும்புக்கும் என்ன தொடர்பு?

சாணைக்கல்:
ஆறு. அன்று நீங்களே எழுதியது. எண்ணிக்கையே நினைவில்லாதவர் என் தாத்தாவின் ஜாடியின் நிறத்தைச் சொல்ல வந்துவிட்டார். பானம் கறுக்கவில்லை.

நொதியன்:
நான்கு.