சம்பளம் பாதியாயிடுச்சு, வீட்டு நெட் பிளானைக் குறைக்கலாமா வேணாமா?

வேளச்சேரி_வீட்டம்மா
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்கு ஓஎம்ஆர்ல ஐடி வேலை, ஆள் குறைப்புல பேர் வந்துடுச்சு, இப்ப நோட்டீஸ் பீரியட் ஓடுது. அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் என் சம்பளம் மட்டும்தான், நான் ஒரு ஸ்கூல்ல அக்கவுன்ட்ஸ் பாக்கறேன். வாடகை, பசங்க ஃபீஸ், மாமியார் மாத்திரை இதையெல்லாம் தொட முடியாது. மிச்சத்துல முதல்ல கண்ணுல பட்டது நெட் பில். 300 எம்பி ஸ்பீடு பிளான், 1499, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேத்தா 1769 ரூவா. 499 பிளானுக்கு இறங்கலாம்னு சொன்னா இவர் ஒத்துக்கல, இன்டர்வியூ எல்லாம் வீடியோ கால்லதான் நடக்குது, நடுவுல ஃப்ரீஸ் ஆனா போச்சுங்கறாரு. பெரியவன் பிளஸ் டூ, நீட் கிளாஸ் ஆன்லைன்ல. மாமியாருக்கு சீரியல் இல்லாம முடியாது. திட்டாம சொல்லுங்க, குறைக்கலாமா?

பெரம்பூர்_லோகோ
குறைக்கறது எதுக்கும்மா, லைனையே எடுத்துடுங்க. நான் ரயில்வேல இருந்து ரிடையர் ஆனவன், வீட்ல வைஃபையே கிடையாது, ஒண்ணும் குடி முழுகிப் போகல. ஆளுக்கு ஒரு ஃபோன் இருக்கு, தினம் 2 ஜிபி வருது, அதுவே தின்னு தீர்க்க முடியல. சீரியல் பாக்க கேபிள் கனெக்‌ஷன் போதும். வருமானம் பாதியாச்சுன்னா செலவும் பாதியாகணும், இதுல ஓட்டெடுப்பு எதுக்கு?

தரமணி_டைம்லைன்
ஐயா உங்களுக்குப் பென்ஷன் வருது, அவருக்கு வேலை போகுது, ரெண்டும் ஒண்ணா? வேலை தேடறவனுக்கு நெட்டுதான் இப்ப ஆபீஸ், அதைப் போய் முதல் வெட்டா வெட்டினா எப்படி. நான் வீடியோ எடிட்டர், ஃப்ரீலான்ஸ், போன வருஷம் ரெண்டு கிளையன்ட் ஒரே நேரத்துல கழண்டுக்கிட்டாங்க, அப்பவும் நான் கை வைக்காத ஒரே பில் இதுதான். ஸ்விக்கி, சொமேட்டோ, ஜிம், வீக்கெண்டு மால் இதெல்லாம் லிஸ்ட்ல எங்க மேடம்? நெட்டு பில் மாசா மாசம் ஒரே தொகையா வரதால கண்ணுல படுது, மத்ததெல்லாம் 200, 300னு ஒழுகறதால தெரியல, அவ்ளோதான்.

வேளச்சேரி_வீட்டம்மா
@தரமணி_டைம்லைன் தம்பி, ஸ்விக்கி எல்லாம் நோட்டீஸ் வந்த அன்னிக்கே போயாச்சு. ஜிம்மு எங்க வீட்ல யாரும் போனதில்ல.

மடிப்பாக்கம்_ரவுட்டர்
நெட்வொர்க் சைடுல கொஞ்ச வருஷம் வேலை பாத்தவன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்கோங்க.

சிஸ்டர், உங்க வீட்டுக்கு எவ்வளவு வேணும்னு கூட்டிப் பாருங்க. நல்ல குவாலிட்டில குரூப் வீடியோ கால் போனாலும் 4 எம்பிக்குள்ள அடங்கிடும். ஃபுல் ஹெச்டி வீடியோ ஓட 5 எம்பி, 4கே டிவிக்கு 15 எம்பி, இது நெட்ஃபிளிக்ஸே போட்டிருக்கற கணக்கு. சாருக்கு இன்டர்வியூ 4, பையன் கிளாஸ் 5, மாமியார் சீரியல் 5, சின்னவன் யூடியூப் 5, எல்லாரும் ஒரே நேரத்துல உக்காந்தாலும் 19. மாமியார் டிவி 4கேனே வெச்சாலும் 29. மிச்சம் 270 எம்பி எங்க போகுது? எங்கயும் போகல, பில்லுல மட்டும் வருது. மெட்ரோ வாட்டர் லாரி ஃபுல்லா வந்து நின்னாலும் உங்க கைல இருக்கறது ஒரு குடம்தான்.

ஜியோல 399க்கு 30, ஏர்டெல்ல 499க்கு 40, பிஎஸ்என்எல்ல 499க்கு 60 எம்பி, எல்லாம் ஜிஎஸ்டி தனி, ரேட்டு அடிக்கடி மாறும் அதனால ஃபோன் போட்டுக் கேட்டுக்கோங்க. இந்தப் பிளான்லயே பெரும்பாலும் மாசம் 3300 ஜிபி தராங்க, தினம் 110 ஜிபி, எங்க குடும்பம் முழுக்க முட்டி மோதினாலும் அது தீராது.

லோகோ சார், தினம் 2 ஜிபி உங்களுக்குப் போதும், நீட் படிக்கிற பையனுக்குப் போதாது. ஹெச்டில ஒரு மணி நேரம் பாத்தா 3 ஜிபி வரைக்கும் போகும். ரெண்டு ஜிபி முக்கால் மணி நேரத்துல காலி, அப்புறம் ஸ்பீடு 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழுந்துடும், அதுல வாட்ஸ்ஆப்ல ஒரு போட்டோ வரவே சாவான்.

அப்புறம் ஒரு சின்ன வேலை பண்ணுங்க சிஸ்டர். சார் எந்த ரூம்ல உக்காந்து இன்டர்வியூ அட்டென்ட் பண்றாரோ அங்க, அதே லேப்டாப்ல, ஸ்பீட் டெஸ்ட் போட்டுட்டு நம்பரை இங்க போடுங்க.

குரோம்பேட்டை_கேபிள்
மடிப்பாக்கம் சார் எல்லாம் சரியா சொன்னீங்க, ஆனா பெரிய கம்பெனிங்களையே சொல்றீங்க, எங்கள மாதிரி லோக்கல் ஆளுங்க 400க்கு 50 எம்பி ஓட்றோம், லைன் அறுந்தா அரை மணில ஏணியோட வந்து நிப்போம், கஸ்டமர் கேர்ல ஒண்ண அழுத்து ரெண்ட அழுத்துனு கிடையாது. வேளச்சேரிலயும் நம்ம ஃபிரண்ட் இருக்கான், நம்பர் வேணும்னா

மடிப்பாக்கம்_ரவுட்டர்
கேபிள் அண்ணே, விளம்பரம் அப்புறம்.

வேளச்சேரி_வீட்டம்மா
டெஸ்ட் போட்டேன். ஹால்ல ரவுட்டர் பக்கத்துல ஃபோன்ல 240 வருது. பெட்ரூம்ல கதவ சாத்திட்டு லேப்டாப்ல பாத்தா 38. ரெண்டு மூணு தடவ போட்டும் அதேதான். 1769 கட்டி 38ஆ?

மடிப்பாக்கம்_ரவுட்டர்
அதான் விஷயம். லேப்டாப் வைஃபையோட ஸ்லோவான 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைல ஒட்டிட்டு இருக்கு, இல்லன்னா நடுவுல ரெண்டு செவுரு இருக்கு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் ஜாஸ்தி, ஆனா செங்கல் செவுத்தத் தாண்டினா மூச்சு வாங்கும். அவர் இத்தனை நாள் இன்டர்வியூ குடுத்ததே 38லதான், நல்லாத்தான போச்சு? 300ல இருந்து 40க்கு இறங்கினா அந்த ரூம்ல அவருக்கு வித்தியாசமே தெரியாது. பயமா இருந்தா ரவுட்டர்ல இருந்து லேப்டாப்புக்கு ஒரு லேன் கேபிள் போட்டுக்கோங்க, ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்குங்க, சல்லிசா கிடைக்கும். கால் தொங்கறதுக்குக் காரணம் முக்கால்வாசி நேரம் வைஃபைதான், பிளான் இல்ல.

தரமணி_டைம்லைன்
ப்ரோ உங்க கணக்கு எல்லாம் டவுன்லோடு கணக்கு. என் மாதிரி ஆளுக்கு சொல்லுங்க. ஒரு கல்யாண ஷூட் ஃபுட்டேஜ் 50 ஜிபி, 40 எம்பில ஏத்தினா ரெண்டே முக்கால் மணி நேரம், 300ல 22 நிமிஷம். சில பிளான்ல அப்லோடு இன்னும் கம்மி. கிளையன்ட் ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்ஆப்ல "ப்ரோ அனுப்பிட்டீங்களா"ன்னு கேக்கறப்ப உங்க 19 எம்பி கூட்டல் கணக்க அவனுக்கு அனுப்பவா?

மடிப்பாக்கம்_ரவுட்டர்
உங்களுக்கு வேணும்னு நானே சொல்றேன், நீங்க வெச்சுக்கோங்க. கேட்டது அவங்க. அவங்க வீட்ல யாரும் 50 ஜிபி ஏத்தல.

தரமணி_டைம்லைன்
சரி, காசுக் கணக்குக்கே வரேன். அந்த 1499 பிளான்ல நெட்ஃபிளிக்ஸ் பேசிக், பிரைம் எல்லாம் உள்ளயே வருதில்ல? 499க்கு இறங்கினா அது ரெண்டும் போயிடும். நெட்ஃபிளிக்ஸ் பேசிக் 199, பிரைம் வருஷத்துக்கு 1499, மாசத்துக்குப் பிரிச்சா 125. தனியா வாங்கினா 324. ஆக 1499ல இருந்து 499க்கு இறங்கினா ஜிஎஸ்டியோட மிச்சம் ஆகறது 1180 இல்ல, 856. இதச் சொல்லாம 1180 மிச்சம்னு சந்தோஷப்பட்டுட்டு ரெண்டாவது மாசமே ஓடிடி வாங்கப் போறாங்க, நான் நிறைய வீட்ல பாத்துட்டேன்.

பெரம்பூர்_லோகோ
ஓடிடி இல்லாம செத்துட மாட்டாங்க தம்பி.

வேளச்சேரி_வீட்டம்மா
நெட்ஃபிளிக்ஸ் பசங்கதான் பாப்பாங்க. மே மாசம் நீட் முடியற வரைக்கும் அது இல்லன்னா எனக்கு ரொம்ப சந்தோஷம், உண்மையச் சொல்லணும்னா.

குரோம்பேட்டை_கேபிள்
மேடம் ஒரு உள் விஷயம் சொல்றேன். பிளான மாத்தறதுக்கு முன்னாடி கஸ்டமர் கேர்ல லைனை கட் பண்ணப் போறேன்னு சொல்லிப் பாருங்க. பெரிய கம்பெனில பொதுவா கஸ்டமர் ஓடிடாம பிடிச்சு வெக்கறதுக்குன்னே தனி டீம் இருக்கும், அவங்க கைல சும்மா ஒரு ஆஃபர் இருக்கும், சாதாரணமா வெளிய சொல்ல மாட்டாங்க. அப்புறம் ஆறு மாசம், ஒரு வருஷம்னு முன்பணம் கட்டியிருக்கீங்களான்னு பாருங்க, கட்டியிருந்தா நடுவுல குறைச்சா காசு திரும்ப வரது குதிரைக் கொம்பு. என் சொந்தக்காரர் ஒருத்தர் வருஷப் பிளான் கட்டிட்டு வீடு மாறினாரு, அந்தக் கம்பெனி பேர் சொல்லல, புது ஏரியால எங்க லைன் இல்லனு சொல்லிட்டாங்க, மீதிக் காசுக்கு இன்னும் மெயில் போட்டுட்டே இருக்காரு. கஷ்ட காலத்துல மாசா மாசம் கட்டறதே நல்லது, ஒரு மாசம் ஃப்ரீனு ஆசைப்படாதீங்க. இத கேபிள்காரன் நான் சொல்றேன்.

தரமணி_டைம்லைன்
இது நல்ல பாயின்ட்.

வேளச்சேரி_வீட்டுக்காரர்
என் மனைவி லிங்க் அனுப்பி படிங்கன்னா. படிச்சேன். 38 எம்பி விஷயம் எனக்கும் தெரியாது, சரி. ஆனா ஒண்ணு சொல்றேன். பெட்ரோல், வெளிய சாப்பாடு, வார மேகசின், எல்லாத்தையும் நான்தான் முதல்ல நிறுத்தினேன். காலைல இருந்து ராத்திரி வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள உக்காந்துட்டு லிங்க்ட்இன்ல அப்ளை பண்ணிட்டு இருக்கறவனுக்கு இது ஒண்ணுதான் பழைய மாதிரி இருக்கு. எம்பி கணக்குல இது வராதுன்னு தெரியும்.

பெரம்பூர்_லோகோ
தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. வீட்லயே அடைஞ்சு கிடக்கறதுதான் உங்களுக்குக் கஷ்டம், நெட்டு ஸ்பீடு இல்ல. எங்க ஏரியாவுக்குப் பக்கத்துல கொளத்தூர்ல முதல்வர் படைப்பகம்னு 2024 நவம்பர்ல தொறந்தாங்க, ஒரு பக்கம் உக்காந்து வேலை பாக்கறதுக்கு இடம், இன்னொரு பக்கம் பரீட்சைக்குப் படிக்கற பசங்களுக்கு இடம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல சொந்தப் புத்தகம் எடுத்துட்டுப் போய்ப் படிக்கறதுக்குத் தனிப் பிரிவே இருக்கு, உங்க பையன் அங்க போகட்டும். நாலு மனுஷன் மூஞ்சியப் பாத்தா பாதி பாரம் இறங்கும்.

வேளச்சேரி_வீட்டம்மா
ஐயா வேளச்சேரில இருந்து கொளத்தூர் போய்ட்டு வரதுக்குள்ள ஒரு இன்டர்வியூவே முடிஞ்சிடும். கோட்டூர்புரம் சரி, பையன்கிட்ட சொல்றேன்.

தரமணி_டைம்லைன்
அந்த சார் சொன்னதுக்கு யாரும் பதில் சொல்லலயே. கேரளா ஹைகோர்ட் 2019லயே இன்டர்நெட் படிப்புரிமைலயும் தனியுரிமைலயும் சேந்ததுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அரசாங்கமே அங்க கேஃபோன்னு போட்டு 20 லட்சம் ஏழைக் குடும்பத்துக்கு இலவசமா நெட் தரோம்னு திட்டம் போட்டாங்க. இங்க நாம என்னடான்னா இத ஆடம்பரச் செலவு லிஸ்ட்ல வெச்சுப் பேசிட்டு இருக்கோம்.

பெரம்பூர்_லோகோ
அந்தக் கேஸ் நானும் பேப்பர்ல படிச்சவன்தான். லேடீஸ் ஹாஸ்டல்ல சாயங்காலம் 6ல இருந்து 10 வரைக்கும் ஃபோன் தொடக்கூடாதுன்னு ரூல் போட்டதுக்கு ஒரு பொண்ணு கோர்ட்டுக்குப் போச்சு. 300 எம்பி உரிமைன்னு எந்த ஜட்ஜும் எழுதல. நம்ம நாட்டுல பிராட்பேண்டுன்னா குறைஞ்சது 2 எம்பி இருக்கணும்னே 2023லதான் மாத்தினாங்க, அதுக்கு முன்னாடி அரை எம்பி.

தரமணி_டைம்லைன்
வைஃபையே வேணாம்னு சொல்றவருக்கு இவ்ளோ விவரம் எப்படி ஐயா 😂

மடிப்பாக்கம்_ரவுட்டர்
வீட்டுக்காரர் சார், நீங்க சொன்னத நான் ஒதுக்கல. அதனாலதான் லைனை எடுக்காதீங்கன்னு சொல்றேன். ஆனா மிச்சம் பிடிக்கணும்னா நெட்டு பில்ல விட மொபைல் பில்லப் பாருங்க, யாரும் அத கவனிக்கறதே இல்ல. 2024 ஜூலைல மூணு கம்பெனியும் ஏத்தினதுக்கு அப்புறம் ஜியோல தினம் 2 ஜிபி பிளான் 349, 28 நாளைக்கு. மாசம்னு நினைக்கறோம், வருஷத்துக்கு 13 தடவ கட்டறோம், 4537 ஆகுது. உங்க அம்மா வீட்லயேதான இருக்காங்க, வீட்ல வைஃபை இருக்கு, அவங்க ஃபோனுக்கு டேட்டா எதுக்கு? ஃபோன் கம்பெனிங்கள கண்காணிக்கற டிராய் உத்தரவு போட்டதால 2025 ஜனவரில இருந்து பேச்சுக்கும் எஸ்எம்எஸ்சுக்கும் மட்டும் தனிப் பிளான் வந்திருக்கு, 84 நாளைக்கு 450, 470 ரூவா அந்த ரேஞ்சுல. வருஷத்துக்கு 2000 கிட்டதான். ஒரு ஃபோன்லயே 2500 மிச்சம். வீட்ல வைஃபை இருந்தாதான் இந்த வேலை நடக்கும், லோகோ சார் சொல்ற மாதிரி லைனை எடுத்துட்டா அஞ்சு ஃபோனுக்கும் டேட்டா போட்டே ஆகணும்.

பெரம்பூர்_லோகோ
என் வீட்ல ரெண்டே பேர். எனக்கு என் கணக்கு சரி.

வேளச்சேரி_வீட்டம்மா
மாமியார் ஃபோனுக்கு நான் போட்டுட்டு இருக்கறதும் அதே 2 ஜிபி பிளான்தான். அவங்க கோயிலுக்குப் போறப்ப ஃபோன வீட்லயே வெச்சுட்டுப் போவாங்க.

தரமணி_டைம்லைன்
புயல் வந்தா? 2023 டிசம்பர் மிக்ஜாம்ல உங்க வேளச்சேரி எப்படி இருந்துச்சு, ஃபைபரும் இல்ல கரன்ட்டும் இல்ல. எல்லாத்தையும் வைஃபையை நம்பி விட்டுட்டு ஃபோன்ல டேட்டாவை எடுத்துட்டா அன்னிக்கு என்ன பண்ணுவீங்க?

மடிப்பாக்கம்_ரவுட்டர்
அன்னிக்கு டவரும்தான் படுத்துச்சு ப்ரோ, எங்க மடிப்பாக்கத்துல ஃபோன்ல ஒரு கோடு சிக்னல் இல்ல. சார் ஃபோன்லயும் அவங்க ஃபோன்லயும் டேட்டா இருக்கட்டும், இன்டர்வியூ நடுவுல கரன்ட் போனா ஹாட்ஸ்பாட் போட அதான் கை குடுக்கும். மாமியார் ஃபோனத்தான் சொன்னேன்.

வேளச்சேரி_வீட்டம்மா
பேசி முடிச்சோம். 40 எம்பிக்கு இறங்கறோம், அடுத்த பில் தேதில இருந்து. மாமியார் ஃபோன் பேச்சு பிளானுக்கு. லேன் கேபிள் இவரே ரிச்சி ஸ்ட்ரீட் போய் வாங்கறேன்னு கிளம்பியிருக்காரு, வெளிய போக ஒரு சாக்கு. கஸ்டமர் கேர்ல கட் பண்றேன்னு சொல்ற நாடகம் மட்டும் எனக்கு வராது, அத அவர்தான் பண்ணணும்.

தரமணி_டைம்லைன்
உங்க இஷ்டம் மேடம். சாருக்கு வேலை கிடைச்சு திரும்ப 300க்கு ஏத்தறப்ப இன்ஸ்டாலேஷன் சார்ஜ்னு ஒண்ணு கேப்பாங்க, அதையும் இப்பவே கணக்குல சேத்து வெச்சுக்கோங்க.

மடிப்பாக்கம்_ரவுட்டர்
அதே லைன், அதே பெட்டி, பிளான மட்டும் மாத்தறதுக்கு இன்ஸ்டாலேஷன் எதுக்கு ப்ரோ? அது லைனைக் கழட்டிட்டுத் திரும்பப் போடறவங்களுக்கு. அங்கேயிருந்தே கிளிக் பண்ணி மாத்திடுவாங்க, அவர் வேலைல சேந்த பிறகும் அந்த ரூம்ல 38தான் வரப்போகுது.

குரோம்பேட்டை_கேபிள்
அப்ப நம்ம ஃபிரண்ட் நம்பர் வேணாமா மேடம்?