இ.டி.டி.ஏ. சேர்த்த பிறகும் பாரமீசியத்தின் டிரைக்கோசிஸ்டுகள் வெளிப்படுவது ஏன்?

பாளையங்கோட்டை, முதுகலை விலங்கியல் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். ஒருசெல் உயிரிகள் தம் சுரப்பை வெளியேற்றக் கால்சியம் தேவை என்பதைப் பாரமீசியத்தில் காட்டுவதே என் செயல்திட்டம். வைக்கோல் கொதித்து ஆறிய நீரில் குளத்து நீரைக் கலந்து ஒரு வாரம் வைத்ததில் உயிரிகள் நன்றாகப் பெருகின. ஸ்லைடில் ஒரு சொட்டு எடுத்துப் பூரித பிக்ரிக் அமிலம் சேர்த்தவுடன் செல்லைச் சுற்றிலும் டிரைக்கோசிஸ்டுகள் (செல்லின் மேலுறைக்கு அடியில் இருந்து, தூண்டினால் வெளியே பாயும் சுரப்புப் பொதிகள்) மெல்லிய நூல்களாகப் பீறிட்டு நின்றன. அடுத்து, கால்சியத்தைப் பிடித்து வைக்கும் இ.டி.டி.ஏ. கரைசலில் செல்களை ஐந்து நிமிடம் வைத்துவிட்டு அதே அமிலத்தைச் சேர்த்தேன்; நூல்கள் முன்போலவே வந்தன. மூன்று நாளாக இதே முடிவுதான். என் செய்முறையில் எங்கே பிழை?

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்:
கரைசலை எந்த நீரில் தயாரித்தீர்கள், அம்மா? தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி. அங்கே ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். இ.டி.டி.ஏ. கால்சியத்தோடு மக்னீசியத்தையும் பிடிப்பதால், அத்தகைய நீரில் சிறிதளவு போட்டால் அது விரைவில் தீர்ந்துவிடும்.

மாணவி:
வாலை வடிநீரில்தான் தயாரித்தேன், ஐயா. 100 மில்லி லிட்டருக்கு 0.186 கிராம் இருசோடிய உப்பு, அதாவது 5 மில்லிமோலார், பி.எச். 7-க்குச் சரிசெய்தேன். செல்களையும் வடிநீரில் இரண்டு முறை கழுவினேன்.

உயிர்வேதியியல் ஆய்வாளர், திருநெல்வேலி:
அப்படியானால் பிழை அமிலத்தில் இருக்கிறது. பூரித பிக்ரிக் அமிலம் கலந்தவுடன் சொட்டின் பி.எச். 2-க்கும் கீழே இறங்கிவிடும். அந்த நிலையில் இ.டி.டி.ஏ.வின் கைகளை எல்லாம் ஹைட்ரஜன் அயனிகள் பற்றிக்கொள்வதால், அது பிடித்து வைத்திருந்த கால்சியத்தையும் விட்டுவிடுகிறது. நீங்கள் அகற்றியதாக நினைத்த கால்சியம் அங்கேயே இருந்திருக்கிறது.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பாரமீசியத்தில் கால்சியத்துக்கு இரண்டு தனித்தனி வேலைகள். செல்லின் மேலுறைக்குச் சற்று உட்புறத்தில் ஆல்வியோலைப் பைகள் என்னும் கால்சியச் சேமிப்பறைகள் உள்ளன. தூண்டுதல் வந்ததும் அவற்றிலிருந்து கசியும் கால்சியமே டிரைக்கோசிஸ்டின் சவ்வும் செல் சவ்வும் இணைந்து வாய் திறக்க வழிசெய்கிறது. வெளியில் உள்ள கால்சியத்தின் வேலை வேறு: திறந்த வாய் வழியே உள்ளே புகுந்து, சுருண்டு செறிந்திருக்கும் புரதங்களை விரியச் செய்வது. 3 அல்லது 4 மைக்ரோமீட்டர் நீளமுள்ள சிறு கேரட் போன்ற அந்தப் பொருள் ஏறத்தாழ எட்டு மடங்கு நீண்டு நூலாவது அதனால்தான். இவ்விரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பது 1981-லேயே ஆய்வில் காட்டப்பட்டது. ஆகவே, நூல் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்துச் சுரப்பே நிகழவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழையத் தன் புரதங்களை வெளியிடுவதும் உட்கால்சியத்தின் ஏற்றத்தால்தான் என்பதால், இந்த வேறுபாட்டை நீங்கள் நன்கு விளக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆய்வகங்களில் செல்லைக் கொல்லாத அமினோஎத்தில்டெக்ஸ்ட்ரான் கொண்டு தூண்டுவார்கள். உங்களுக்கு அது கிடைப்பது கடினம். அமிலத்தைத் தவிர்த்துவிட்டு, இ.டி.டி.ஏ. கரைசலில் உள்ள செல்களின் மேல் கவர்ஸ்லிப்பை வைத்து, ஓரத்தில் வடிதாளால் நீரை உறிஞ்சிச் செல்களை நசுக்குங்கள். டிரைக்கோசிஸ்டுகள் சுருங்கிய நிலையிலேயே வெளியே சிந்தும். பிறகு 20 மில்லிமோலார் கால்சியம் குளோரைடை (100 மில்லி லிட்டருக்கு 0.294 கிராம் இருநீரேற்று உப்பு) ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, மறுபக்கம் வடிதாளை வையுங்கள். இது இரண்டாவது வேலையை மட்டும் காட்டும் சோதனை என்பதைக் குறிப்பேட்டில் தெளிவாக எழுதிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பிக்ரிக் அமிலப் புட்டியின் மூடியைச் சுற்றி மஞ்சள் பொடி காய்ந்திருந்தால் அதைத் திருகாதீர்கள். காய்ந்த நிலையில் அது வெடிக்கக்கூடியது. எப்போதும் நீர் ததும்ப வைத்திருக்கச் சொல்லுங்கள்.

மாணவி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மாலை செய்து பார்த்தேன். 400 மடங்கு உருப்பெருக்கத்தில், நசுங்கிய செல்லின் ஓரமெங்கும் நெல்மணியைப் போல முனை கூர்ந்த துகள்கள் சிதறிக் கிடந்தன, ஒன்றுகூட நூலாகவில்லை. கால்சியம் குளோரைடு ஊர்ந்து வந்த பக்கத்திலிருந்து அவை வரிசையாக, கண் இமைப்பதற்குள், நீள் நூல்களாயின. மறுபக்கத்தில் இருந்த துகள்கள் கால்சியம் வந்து சேரும் வரை அப்படியே கிடந்தன.