வீட்டில் சளி டிபி: தழும்பு இல்லாத பையனுக்கு மறுபடியும் பிசிஜி போடலாமா?

துணைமையச் செவிலி:
61 வயது தாத்தா ஒருவருக்கு ட்ரூநாட் பரிசோதனையில் (சளியில் கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் சோதனை) நுரையீரல் காசநோய் (டிபி) உறுதியாகியிருக்கிறது. முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்காத நிலை (எதிர்ப்பு) இல்லை. மருந்து தொடங்கி 4 நாள் ஆகிறது. அதே வீட்டில் மருமகள், அவருடைய 5 மாதப் பெண் குழந்தை, 7 வயதுப் பையன். குழந்தை 6 கிலோ, தாய்ப்பால் குடிக்கிறது, பிறந்தவுடன் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டதற்குத் தழும்பு இருக்கிறது. பையனுக்குத் தடுப்பூசி அட்டையில் பதிவு உண்டு, கையில் தழும்பு இல்லை. வீட்டார் மூன்று கேள்வி கேட்கிறார்கள். பையனுக்கு இன்னொரு ஊசி வேண்டாமா? சின்னவளுக்குத்தான் ஊசி போட்டாச்சே, அப்புறம் எதற்கு 6 மாதம் தடுப்பு மாத்திரை? தாத்தாவைத் தோட்டத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? அவர்களுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்ல வேண்டும்.

நெஞ்சக மருத்துவர்:
சிஸ்டர், இரண்டாவது கேள்வியில்தான் உயிர் இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பிசிஜி கிருமியை உள்ளே வரவிடாமல் தடுக்கும் ஊசி இல்லை. காசநோய்க் கிருமி நுரையீரலின் காற்றறைக்குப் போய், அங்கே கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய விழுங்கணுக்களுக்குள்ளேயே குடியேறிவிடும். அணுவுக்குள் ஒளிந்திருப்பதை ரத்தத்தில் ஓடும் எதிர்ப்புப் புரதம் எட்டாது. டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்கள் வந்து விழுங்கணுவைத் தூண்டிவிட்டால்தான் கிருமி அடங்கும். அந்த டி அணுக்களை முன்கூட்டியே பழக்கி வைப்பதுதான் பிசிஜியின் வேலை. அதனால் கிருமி ரத்தத்தில் கலந்து மூளை உறைக்கும் உடல் முழுவதற்கும் பரவுவது குழந்தைகளிடம் பெருமளவு குறைகிறது. தொற்றையும் நுரையீரல் நோயையும் அது நம்பகமாகத் தடுப்பதில்லை.

இதற்கான சான்று நம் மண்ணிலேயே இருக்கிறது. 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பிசிஜி ஆய்வில் சுமார் 2.6 லட்சம் பேர் சேர்க்கப்பட்டார்கள். 15 ஆண்டு பின்தொடர்ந்தும், பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு எதிராகப் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்விலோ ஏறக்குறைய 80 சதவீதம் பாதுகாப்பு கிடைத்தது. வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் இருக்கும் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுகள் நம் உடலை ஏற்கெனவே பழக்கிவிடுவது இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அவை பழக்குவதற்கு முன்பே, பிறந்தவுடன் போடுவதன் நியாயமும் இதில் இருக்கிறது.

இப்போது அந்தக் குழந்தையைப் பாருங்கள். மருந்து இல்லாத காலத்துப் பதிவுகளின்படி, ஒரு வயதுக்குள் கிருமி தொற்றினால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோயாக மாறும். 10 முதல் 20 சதவீதம் பேருக்கு மூளை உறைக் காசநோயோ உடல் முழுதும் பரவிய காசநோயோ வரும். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள்ளேயே வந்துவிடும். 5 வயதைத் தாண்டினால் ஆபத்து வேகமாகக் குறையும். அதனால்தான் 5 வயதுக்குக் கீழே, வீட்டில் கிருமி உறுதியான நோயாளி இருந்தால், தொற்றைக் காட்டும் டியூபர்குலின் தோல் பரிசோதனைக்குக்கூடக் காத்திருக்காமல் தடுப்பு மாத்திரை கொடுக்கிறோம். தொற்றி 2 முதல் 8 வாரம் வரை அந்தப் பரிசோதனை எதிர்மறையாகவே இருக்கும். அதற்குள் கிருமி முந்திவிடும்.

ஆனால் மாத்திரைக்கு முன்னால் நோய் இல்லை என்று உறுதிசெய்தே ஆக வேண்டும். இருமல், காய்ச்சல், எடை ஏறாமை, விளையாட்டில் சுணக்கம், கழுத்தில் நெறி, இதில் ஒன்று இருந்தாலும் மார்பு எக்ஸ்ரே எடுத்து மருத்துவர் பார்க்கட்டும். சளி துப்பத் தெரியாத குழந்தைக்கு விடிகாலையில் வெறும் வயிற்றில் குழாய் வழியாக இரைப்பை நீர் எடுத்துப் பரிசோதிக்கலாம். நோய் ஏற்கெனவே இருக்கும்போது தடுப்பு மாத்திரையான ஐசோனியசிட் ஒன்றை மட்டும் கொடுத்தால் மற்ற கிருமிகள் செத்து, அந்த மருந்துக்கு அடங்காதவை மட்டும் பெருகும். இந்த முறையில் பெரிய தவறு நடப்பது இங்கேதான்.

தாத்தாவை அனுப்ப வேண்டாம். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள், மற்றவர்களைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் வைத்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. நோய் கண்டுபிடிக்கும் முன்பே பரவ வேண்டியது பரவிவிடுகிறது. சரியான மருந்து உள்ளே போனதும் பரவும் தன்மை சடசடவென்று குறையும். முதல் 2 வாரமாவது அவர் தனியாக, ஜன்னல் திறந்த அறையிலோ திண்ணையிலோ படுக்கட்டும். முகக்கவசம் போடட்டும். குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சுவதைத் தள்ளிப்போடட்டும். தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பதால் ஒரு பயனும் இல்லை. கிருமி காற்றில்தான் வருகிறது. தட்டைப் பிரித்துவிட்டு ஜன்னலைச் சாத்தி வைக்கும் வீடுகள் ஏராளம், அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

தடுப்பூசிக் கிடங்கு:
தழும்பு பற்றி மட்டும் சொல்கிறேன். தழும்பு இல்லை என்பதற்காக மறுபடி போடத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் சொல்கிறது. நம் அட்டவணையில் ஒரு வயது வரைதான் பிசிஜி. 7 வயதில் போட இடமே இல்லை. போட்டாலும் இப்போது வீட்டில் ஏற்கெனவே பட்டுவிட்ட கிருமியை அது ஒன்றும் செய்யாது.

தழும்பு வராமல் போக வழிகள் பல. ஊசி தோலுக்குள் போகாமல் அடியில் இறங்கிவிட்டால் தோலில் புண் வராது, அக்குளில் நெறி கட்டும் வாய்ப்பும் கூடும். இடது மேற்கையில் 26 எண் ஊசியின் வாயை மேல்நோக்கி வைத்து, தோலோடு ஒட்டினாற்போல் நுழைத்தால், ஆரஞ்சுத் தோல் மாதிரி 5 மி.மீ. மேடு எழும்ப வேண்டும். மருந்து தடையில்லாமல் சுலபமாக இறங்கினாலே தவறான இடம் என்று பொருள். ஒரு மாதம் வரை 0.05 மி.லி., அதற்கு மேல் 0.1 மி.லி. மருந்தோடு வரும் உப்பு நீரில் மட்டுமே கலக்க வேண்டும், கலந்த 4 மணி நேரத்தில் மீதியை ஒதுக்கிவிட வேண்டும். வெளிச்சம் படக்கூடாது, பழுப்புக் குப்பி அதற்காகத்தான். உயிருள்ள கிருமி என்பதால் ஸ்பிரிட் வைத்துத் துடைக்கவும் கூடாது.

எல்லாம் சரியாகச் செய்தும் சில குழந்தைகளுக்குத் தழும்பு வராது. பையனின் அட்டையில் பதிவு இருக்கிறதே, அதை நம்புங்கள்.

துணைமையச் செவிலி:
நன்றி. பையனுக்கும் அம்மாவுக்கும் என்ன? குழந்தைக்கு அளவு எப்படி, நடுவில் விட்டுப்போனால்?

சிகிச்சை மேற்பார்வையாளர்:
பையன், அம்மா, வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் அறிகுறி பார்த்து எக்ஸ்ரே. டியூபர்குலின் அல்லது ரத்தப் பரிசோதனை கிடைத்தால் செய்யலாம், கிடைக்கவில்லை என்பதற்காக மாத்திரையை நிறுத்தி வைக்கக்கூடாது. டியூபர்குலின் போட்டால் 48 முதல் 72 மணி நேரத்தில், தடித்த பகுதியைத் தடவி அளக்க வேண்டும். சிவப்பை அளந்துவிட்டு 10 மி.மீ. என்று எழுதினால் முடிவே மாறிவிடும்.

குழந்தைக்கு ஐசோனியசிட் கிலோவுக்கு 10 மி.கி. என்பது அளவு, 7 முதல் 15 வரை ஏற்கத்தக்கது. 6 கிலோவுக்கு 100 மி.கி. மாத்திரையில் பாதி, 50 மி.கி. போதும். எடை 7 கிலோவைத் தாண்டியதும் அந்தப் பாதி மாத்திரை போதாது, முழு மாத்திரை ஆக்க வேண்டும். 6 மாதமும் பாதி மாத்திரையே கொடுத்து முடிப்பது அடிக்கடி நடக்கிறது. மாதாமாதம் எடை போட்டு அட்டையில் எழுதுங்கள். நசுக்கி, கொஞ்சம் தாய்ப்பாலில் கரைத்துப் பாலாடையில் கொடுக்கலாம். ஒரு வேளைப் பாலில் முழுதாகக் கலக்க வேண்டாம், மீதி வைத்தால் மருந்தும் மீதியாகிவிடும். கூடவே பி6 சத்து மாத்திரை உண்டு.

2 வயதுக்கு மேல் ஐசோனியசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்ந்த வாராந்திர மருந்து, 12 வாரம், இருப்பில் இருந்தால் பையனுக்கு வசதி. சிறுநீர் ஆரஞ்சாகும், பயப்பட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அம்மா கர்ப்பமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கர்ப்பிணிக்கு அந்த வாராந்திர மருந்து இல்லை. கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் அதன் பலனையும் அது குறைக்கும். தாய்ப்பாலை நிறுத்தக் காரணம் எதுவும் இல்லை.

தினசரி மாத்திரை 2 வாரத்துக்குக் குறைவாக விட்டுப்போனால் உடனே தொடர்ந்து, விட்ட நாட்களைக் கடைசியில் கூட்டுங்கள். அதற்கு மேல் என்றால் முதலில் அறிகுறி பார்த்து மருத்துவர் முடிவெடுக்கட்டும். கண் மஞ்சள், கருஞ்சிறுநீர், ஓயாத வாந்தி, பால் குடிக்காமை, இவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

தாத்தாவின் சளியில் ஐசோனியசிட் எதிர்ப்பு பார்த்தார்களா? ட்ரூநாட் முதலில் ரிஃபாம்பிசினுக்குத்தான் சொல்லும். ஐசோனியசிட் வேலை செய்யாது என்று ஆய்வகம் சொன்னால் பேத்திக்கும் அது வேலை செய்யாது, 4 மாத ரிஃபாம்பிசினுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அந்த முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்.