சாவோ பாவ்லோவா, ரியோவா? மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்

புதுவரவு_நெல்லை:
எல்லோருக்கும் வணக்கம். கம்பெனி என்னை பிரேசிலுக்கு மாற்றுகிறது, குறைந்தது மூன்று வருடம். சாவோ பாவ்லோவில் பெர்ரினி சாலையில் ஓர் அலுவலகம், ரியோவில் பாஹா டா சிஜூக்காவில் ஓர் அலுவலகம். எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்கிறார்கள். சம்பளம் இரண்டுக்கும் ஒன்றுதான். மனைவி கணக்காளர், போர்த்துகீசியம் படித்துக்கொண்டிருக்கிறார், அங்கே வேலை தேடுவார். மகளுக்கு ஆறு வயது. அம்மாவும் சில மாதம் வந்து இருப்பார். காலை நடை இல்லாவிட்டால் அவருக்குப் பொழுதே விடியாது. இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் கடற்கரைப் படம், மறுபக்கம் துப்பாக்கிச் சூடு. குடியிருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

கடலோரக்காரன்:
ரியோ. இதற்கெல்லாம் ஒரு கேள்வியா தம்பி?

நான் ஃபிளமெங்கோவில் 11 வருடமாக இருக்கிறேன். வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் ஆட்டெஹோ பூங்கா. கடலைத் தூர்த்து 1965-ல் திறந்தது. அம்மாவைக் காலை ஆறு மணிக்கு அங்கே விட்டால் எட்டு மணிக்குக்கூட வீட்டுக்கு வர மனசு வராது. எதிரே சர்க்கரைக்கட்டி மலை, பக்கத்தில் மீன்பிடிக்கிற கிழவர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலையில் காரே வராது, குழந்தை சைக்கிள் பழகலாம்.

திரும்பிப் பார்த்தால் காடு. ஒருகாலத்தில் காப்பித் தோட்டம் போட்டு மலையை மொட்டையடித்துவிட்டார்கள். ஊருக்குத் தண்ணீர் வற்றியது. 1861-லிருந்து மரம் மரமாக நட்டு வளர்த்த காடு அது. ஆரம்பத்தில் நட்டவர்கள் அடிமைகளாக இருந்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இன்று நகரத்துக்கு நடுவே குரங்கும் அருவியுமாக நிற்கிறது. சாவோ பாவ்லோவில் என்ன இருக்கிறது? லிஃப்ட்.

மெட்ரோவாசி:
அண்ணா, நீங்கள் சொல்வது விருந்தாளிக்குச் சுற்றிக்காட்டுகிற ஊர். அவர் கேட்டது குடியிருக்கிற ஊர்.

அவர் மனைவி வேலை தேடப்போகிறார், அதை நீங்கள் படிக்கவே இல்லை. 1960-ல் தலைநகரம் பிரசீலியாவுக்குப் போனதிலிருந்தே ரியோ ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருக்கிறது. வங்கித் தலைமையகங்கள் போயின, பங்குச் சந்தையும் இங்கே சாவோ பாவ்லோவுக்கு வந்துவிட்டது. பெட்ரோபிராஸ், வாலே, வளர்ச்சி வங்கி மாதிரி சில பெரிய இடங்கள் அங்கே மிச்சம். எண்ணெய்த் துறை ஆள் என்றால் ரியோ சரி. ஒரு கணக்காளருக்கு இந்த வேலை பிடிக்கவில்லை, அடுத்த தெருவில் வேறு வேலை என்று இருக்கிற ஊர் இதுதான். நானே ஏழு வருடத்தில் மூன்று கம்பெனி மாறினேன், வீடு மாறவில்லை.

அப்புறம் இந்தியத் துணைத் தூதரகம் இங்கேதான் இருக்கிறது. பாஸ்போர்ட் புதுப்பிக்கிற அன்று அதன் அருமை தெரியும்.

கடலோரக்காரன்:
பாஸ்போர்ட் பத்து வருடத்துக்கு ஒரு தடவை. கடல் தினமும்.

குரிச்சிபா_குளிர்:
இரண்டும் வேண்டாம். எங்கள் ஊர் குரிச்சிபாவுக்கு வாருங்கள்.

மெட்ரோவாசி:
வந்துவிட்டார். ஐயா, அவருக்கு அங்கே அலுவலகம் இல்லை.

புதுவரவு_நெல்லை:
பாதுகாப்பு பற்றி யாரும் பேசவில்லையே. மாமனார் தினமும் ஏதாவது ஒரு வீடியோ அனுப்புகிறார்.

மெட்ரோவாசி:
அதைக் கடலோர அண்ணாவே சொல்லட்டும். 2025 அக்டோபர் 28, ரியோவின் அலெமாவ், பென்யா குடியிருப்புகளுக்குள் போலீஸ் புகுந்த அன்று 120 பேருக்கு மேல் செத்தார்கள். போலீஸ்காரர்களும் அதில் உண்டு. பஸ்களைப் பிடித்துச் சாலைக்குக் குறுக்கே போட்டார்கள், கல்லூரிகள் வகுப்பை ரத்து செய்தன. "பாலா பெர்ஜீதா" என்று அந்த ஊரில் ஒரு வார்த்தை இருக்கிறது. வழிதவறி வந்த குண்டு என்று அர்த்தம். அதற்கென்று ஒரு சொல் புழங்குகிற ஊருக்கு ஆறு வயதுக் குழந்தையை அழைத்துப் போகச் சொல்கிறீர்கள்.

கடலோரக்காரன்:
மறைக்க என்ன இருக்கிறது. அன்று அலுவலகத்தை மதியமே மூடிவிட்டார்கள். மெட்ரோவில் நிற்க இடமில்லை. யாரும் யாரோடும் பேசவில்லை, எல்லோரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கீழே பழக்கடைக்காரர் வழக்கம்போல் பப்பாளி அடுக்கிக்கொண்டிருக்கிறார். பென்யா எங்கள் வீட்டிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான், ஆனால் வேறு தேசம் மாதிரி. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று. இந்த 11 வருடத்தில் என் பொருள் திருடு போனது ஒரே ஒரு முறை. எங்கே தெரியுமா? உங்கள் பவுலிஸ்தா சாலையில். சிக்னலில் நின்று வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தேன், சைக்கிளில் வந்த பையன் கையிலிருந்து போனைப் பூப்பறிப்பதுபோல் பறித்துக்கொண்டு போனான்.

மெட்ரோவாசி:
சாலையோரம் நின்று போனைப் பார்த்தது உங்கள் தப்பு 😀 இங்கே பலர் பையில் திருடனுக்கென்றே ஒரு பழைய போன் வைத்திருப்பார்கள். வங்கிச் செயலியெல்லாம் வீட்டில் இருக்கிற போனில். சிரிப்பாக இருக்கும், ஆனால் பழகிவிடும். போன் போவதும் உயிர் போவதும் ஒன்றில்லை. லட்சம் பேருக்கு இத்தனை கொலை என்று கணக்குப் பார்த்தால் சாவோ பாவ்லோ ரியோவைவிடக் கீழேதான் இருக்கிறது.

இரண்டும்_பார்த்தவன்:
ரியோவில் நான்கு வருடம், சாவோ பாவ்லோவில் ஐந்து வருடம் இருந்தவன் என்ற முறையில் குறுக்கே வருகிறேன்.

இரண்டு பேருமே ஆளுக்கு ஒரு மூலையை ஊர் என்று சொல்கிறீர்கள். அண்ணனுடைய ரியோ என்பது தெற்கு மண்டலம் மட்டும். சென்ட்ரல் நிலையத்திலிருந்து மேற்கே போகிற ரயிலில் ஒன்றரை மணி நேரம் போகிறவர்களும் ரியோக்காரர்கள்தான். அவர்களுக்கு அந்தச் சர்க்கரைக்கட்டி மலை காலண்டரில்தான். அதேபோல் மெட்ரோவாசி சொல்கிற சாவோ பாவ்லோ பவுலிஸ்தாவுக்கும் பின்யெய்ரோஸுக்கும் நடுவில் முடிந்துவிடுகிறது. காலை ஏழு மணிக்குக் கிழக்கிலிருந்து வருகிற சிவப்பு லைனில் ஒரு நாள் ஏறிப் பாருங்கள். ஸே நிலையத்தில் நீங்கள் இறங்க வேண்டாம், உங்களை இறக்கிவிடுவார்கள்.

புதுவரவு, நீங்கள் வாழப்போவது ஊரில் இல்லை. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் நடுவில். அதை வைத்துச் சொல்கிறேன்.

ரியோ: அலுவலகம் பாஹாவில் என்கிறீர்கள். நான்காவது மெட்ரோ லைன் 2016 ஒலிம்பிக்குக்காகத் திறந்தார்கள், ஆனால் அது பாஹாவின் வாசலோடு, ஜார்ஜிங் ஓசியானிக்கு நிலையத்தில் நின்றுவிடுகிறது. அங்கிருந்து தனிப்பாதை பஸ். அண்ணன் மாதிரி ஃபிளமெங்கோவில் குடியிருந்தால் தினமும் மெட்ரோ, பஸ், கொஞ்சம் நடை. பாஹாவிலேயே குடியிருந்தால் அலுவலகம் பக்கம், ஆனால் பால் வாங்கக்கூடக் கார் வேண்டும். சுற்றிலும் மதில், உள்ளே நீச்சல் குளம், எதிரே ஷாப்பிங் மால். கடலும் இருக்கிறது, நல்ல கடல்தான். ஆனால் ரியோவுக்கு ஆசைப்பட்டுப் போகிறவர்கள் மனதில் இருக்கிற ரியோ அது இல்லை.

சாவோ பாவ்லோ: பெர்ரினிக்கு ரயில் நிலையமே இருக்கிறது. விலா மரியானா பக்கம் வீடு எடுத்தால் சாந்தா குரூஸில் லைலாக் லைன், சாந்து அமாரோவில் இறங்கி எமரால்டு லைன். கார் இல்லாமலே ஓட்டிவிடலாம். கார் வாங்கினாலும் வாரத்தில் ஒரு நாள் மத்தியப் பகுதிக்குள் எடுக்க முடியாது. ஹொடீசியு என்று 1997-லிருந்து ஒரு விதி. நம்பர் பிளேட் 1, 2-ல் முடிந்தால் திங்கள், 3, 4 செவ்வாய் என்று போகும். காலை 7 முதல் 10, மாலை 5 முதல் 8 வரை ஓட்டினால் அபராதம்.

கடலோரக்காரன்:
பாஹா விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். நானும் அங்கே போய் இருக்கமாட்டேன்.

ஆனால் கார் இல்லாத சுகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மழையைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை? ஜனவரியில் சாயங்காலம் நாலு மணிக்கு வானம் கறுத்தால் சாவோ பாவ்லோ சுரங்கப்பாதைகளில் கார் மிதக்கும். 2023 நவம்பரிலும் 2024 அக்டோபரிலும் புயல் அடித்து லட்சக்கணக்கான வீடுகளில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை. லத்தீன் அமெரிக்காவின் பெரிய நகரமாம்.

மெட்ரோவாசி:
2024-ல் எங்கள் தெருவிலும் மூன்று நாள் இல்லை. பதினான்கு மாடி ஏறி இறங்கினேன், ஃப்ரீசரில் இருந்த இட்லி மாவு போச்சு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2020 ஜனவரியில் உங்கள் குழாயில் மண்வாடைத் தண்ணீர் வந்து ஊரே பாட்டில் தண்ணீருக்கு வரிசையில் நின்றதே, மறந்துவிட்டதா? 2024 மார்ச்சில் உங்கள் ரியோவின் குவாரத்தீபாவில் உடம்பு உணர்ந்த வெப்பம் 62.3 டிகிரி. நாங்கள் 760 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், ஏறக்குறைய பெங்களூரு மாதிரி. ஜூலையில் ஸ்வெட்டர் வேண்டும். வீட்டில் ஹீட்டர் இருக்காது, அது மட்டும் எரிச்சல்.

கடலோரக்காரன்:
நெல்லைக்காரருக்கு வெயிலைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள் பாருங்கள்.

புதுவரவு_நெல்லை:
😂 சாப்பாடு? நாங்கள் சைவம், முட்டை மட்டும் உண்டு.

மெட்ரோவாசி:
இதில் போட்டியே கிடையாது. கிலோ கணக்கில் எடை போட்டு விற்கிற உணவகங்கள் இங்கே தெருவுக்கு நாலு. தட்டில் சோறு, பீன்ஸ், கீரை, பொரித்த வாழைப்பழம் என்று நீங்களே எடுத்துக்கொள்ளலாம். காலையில் எந்த பதாரியாவிலும், அதாவது பேக்கரியிலும், கல்லில் வாட்டிய பன்னும் பால் காப்பியும். வாரச் சந்தையில் வெண்டைக்காய் கிடைக்கும், மரவள்ளி கிடைக்கும். அந்தக் கிழங்கே இங்கிருந்துதானே நம் ஊருக்கு வந்தது. முருங்கைக்காயை மறந்துவிடுங்கள். சௌசௌவை இங்கே "ஷூஷூ" என்பார்கள், கேட்டால் கடைக்காரர் சரியாக எடுத்துத் தருவார். சந்தையில் எண்ணெயில் உப்பிய பஸ்தெல், கூடக் கரும்புச் சாறு. சீஸ் வைத்தது கேளுங்கள், மகள் உங்களை விடமாட்டாள்.

பீன்ஸ் பற்றி ஒரு வேடிக்கை: நாங்கள் தினமும் சாப்பிடுகிற பழுப்புப் பீன்ஸுக்குப் பெயர் "கரியோக்கா", அதாவது ரியோக்காரன். அதை ரியோக்காரர்கள் அதிகம் தொடமாட்டார்கள், அவர்களுக்குக் கறுப்புப் பீன்ஸ்.

கடலோரக்காரன்:
எங்கள் கடற்கரையில் என்ன கிடைக்கும் என்று நான் சொல்கிறேன். தோளின் இருபுறமும் இரண்டு தகர டிரம் தொங்க ஒருவர் மணலில் நடந்து வருவார். ஒன்றில் குளிர்ந்த மாத்தே டீ, இன்னொன்றில் எலுமிச்சைச் சாறு. இரண்டையும் கலந்து கொடுப்பார். மாத்தேயை இங்கே "மாச்சி" என்றுதான் உச்சரிப்பார்கள். வந்த புதிதில் இபனேமாவில் யாரோ "மாச்சி! மாச்சி!" என்று கத்த, நம்ம ஊர்ப் பையன் யாரோ என்று எழுந்தே நின்றுவிட்டேன். அதோடு குளோபோ பிஸ்கட், காகிதப் பொட்டலத்தில், வளையம் வளையமாக. அதைக் கடித்துக்கொண்டு அர்ப்பொவடோர் பாறையில் உட்கார்ந்தால், கோடையில் சூரியன் கடலில் இறங்கும்போது கூட்டம் கைதட்டும். சூரியனுக்குக் கைதட்டுகிற ஊர் அய்யா இது.

மெட்ரோவாசி:
அந்தக் குளோபோ பிஸ்கட்டை முதலில் சுட்டது சாவோ பாவ்லோவில். 1953-ல், இப்பிராங்கா பேட்டையில் ஒரு பேக்கரியில். பிறகுதான் ரியோவுக்குப் போனது.

கடலோரக்காரன்:
பிஸ்கட்டுக்கே தெரிந்திருக்கிறது எங்கே வாழ வேண்டும் என்று.

மெட்ரோவாசி:
😀 சரி, இதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரண்டும்_பார்த்தவன்:
சண்டைக்கு நடுவில் உபயோகமாக ஒன்று. எந்த ஊராக இருந்தாலும் வாடகை விளம்பரத்தில் இருக்கிற தொகையை நம்பாதீர்கள். கொண்டோமினியு என்கிற பராமரிப்புத் தொகையும் ஐபிடியு என்கிற வீட்டு வரியும் அதன்மேல் வரும். ஒப்பந்தம் வழக்கமாக 30 மாதம். முன்பணம் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்க முடியாது, பெங்களூரு மாதிரிப் பத்து மாதம் கிடையாது. பலர் அதுவும் வாங்கமாட்டார்கள், "ஃபியாதோர்" கேட்பார்கள். உங்கள் வாடகைக்குப் பொறுப்பேற்கிற, சொந்த வீடு உள்ள ஒருவர். இல்லாவிட்டால் காப்பீடு கட்ட வேண்டும், அந்தப் பணம் திரும்பாது. கம்பெனி உங்களை நடுவில் வேறு ஊருக்கு மாற்றினால் 30 நாள் முன்பே எழுத்தில் கொடுத்துவிட்டு அபராதமில்லாமல் காலி செய்யலாம், அது சட்டத்திலேயே இருக்கிறது. பல தரகர்கள் தாங்களாக இதைச் சொல்லமாட்டார்கள்.

பயப்பட வேண்டாம், மொழி பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நான் முதல் வீடு பார்க்கப் போனபோது காவலாளி "ஷாவி, ஷாவி" என்று சொல்லிக்கொண்டே பாக்கெட்டைத் தடவினார். சாவி. உள்ளே போனால் ஜனேலா, மேசா, அர்மாரியு. ஜன்னல், மேசை, அலமாரி. எல்லாம் போர்த்துகீசியர் நம்மிடம் விட்டுப்போனவை.

புதுவரவு_நெல்லை (மூன்று வாரம் கழித்து):
எல்லோருக்கும் நன்றி. சாவோ பாவ்லோ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மனைவி சும்மா விண்ணப்பித்த ஐந்து இடத்தில் மூன்று அங்கே. ஒரு நேர்காணலும் முடிந்துவிட்டது. விலா மரியானாவில் வீடு பார்த்திருக்கிறேன், இபிராபுவேரா பூங்கா கிட்டத்தில் இருக்கிறது, காலை ஐந்து மணிக்கே திறக்கிறார்களாம். அம்மாவிடம் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏரிதானே, கடல் இல்லையே" என்றார்.

இப்போது தரகர் ஃபியாதோர் கேட்கிறார். கடலோர அண்ணா, உங்களுக்குச் சொந்த வீடு என்று சொன்ன ஞாபகம்…

கடலோரக்காரன்:
வீடு இருக்கிறது தம்பி, ரியோவில் இருக்கிறது. சாவோ பாவ்லோவில் சொத்து உள்ளவர்தான் வேண்டும் என்பார்கள். மெட்ரோவாசியைக் கேளுங்கள்.

மெட்ரோவாசி:
நான் வாடகை வீடு.

குரிச்சிபா_குளிர்:
இங்கே ஃபியாதோர் நான் நிற்பேன்.